தம்பி டெல்லிக்குப் போகிறானாம், நான் என்ன செய்வது?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் பூர்வீக வீடு. தாத்தா 1951-இல் காலமாகி, அப்பா கைக்கு வந்தது. நான் மூத்தவள், ஒரே தம்பி. எனக்கு 1986-இல் கல்யாணம். அம்மா 1994-இலும் அப்பா 2001-இலும் தவறிவிட்டார்கள். யாரும் உயில் எழுதவில்லை. 2012-இல் பாகப்பிரிவினை கேட்டு சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். 2016-இல் கால் பங்குதான் என்றார்கள். மேல்முறையீட்டிலும் 2017-இல் அதையே சொன்னார்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. போன மாதம், பாதிப் பங்கு எனக்கு என்று தீர்ப்பாகியிருக்கிறது. தம்பியோ "டெல்லியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான். எனக்கு 61 வயது, முட்டிவலி வேறு. டெல்லிக்குப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டுமா? 34 நீதிபதிகள் முன்னால் நிற்க வேண்டுமா? அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் உண்டா? சென்னைக்கே சுப்ரீம் கோர்ட் வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அதுவரை தள்ளிப்போட முடியுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முட்டிவலி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. சிட்டி சிவில் கோர்ட்டில் நீங்கள் சொன்ன சாட்சியம், தம்பி தரப்பின் குறுக்கு விசாரணை, தாக்கல் செய்த பத்திரங்கள் எல்லாம் அப்படியே பதிவாகி இருக்கின்றன. அதற்கு மேலே இருக்கிற கோர்ட்டுகள் அந்தக் கட்டைத்தான் படிக்கும். உச்ச நீதிமன்றத்தில் வக்கீல்கள் பேசுவார்கள், நீதிபதிகள் கேட்பார்கள், நடுநடுவே கேள்வி கேட்டுத் துளைப்பார்கள், அவ்வளவுதான். கட்சிக்காரர் வந்திருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. வக்காலத்துக் கையெழுத்தையும், நோட்டரி முன்னால் போட வேண்டிய பிரமாணப் பத்திரக் கையெழுத்தையும் இங்கேயே போடலாம். வக்கீல்கூடச் சென்னையில் இருந்தபடியே காணொளியில் ஆஜராக முடிகிற காலம் இது.

34 பேர் முன்னாலும் நிற்க வேண்டாம். 34 என்பது மொத்த எண்ணிக்கை, தலைமை நீதிபதியையும் சேர்த்து. 2019-இல் அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். 1950 ஜனவரி 28-இல் கோர்ட் தொடங்கியபோது சாசனம் குறித்திருந்த கணக்கு தலைமை நீதிபதி ஒருவர், மற்றவர்கள் ஏழு பேர். வழக்குகள் பெருகப் பெருக நாடாளுமன்றம் இடங்களைக் கூட்டிக்கொண்டே வந்தது. இத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வழக்கைக் கேட்டதே கிடையாது. இதுவரை அமர்ந்ததிலேயே பெரிய அமர்வு 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கைத் தீர்த்த 13 பேர் அமர்வு. அதிலும் ஏழுக்கு ஆறு என்று பிரிந்தார்கள். உங்களுடையதைப் போன்ற பாகப்பிரிவினை வழக்கு சாதாரணமாக இரண்டு நீதிபதிகள் முன்னால்தான் வரும்.

இனி தம்பியின் சவாலுக்கு வருவோம். சிட்டி சிவில் கோர்ட், உயர் நீதிமன்றம், அடுத்தது உச்ச நீதிமன்றம், மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் வழக்கில் படி உயர் நீதிமன்றத்தோடு முடிந்துவிட்டது.

உங்கள் இரண்டாம் மேல்முறையீட்டைக் கேட்டது தனி நீதிபதி. அவர் தீர்ப்பின் மேல் அங்கேயே இரண்டு நீதிபதிகளிடம் போகலாமா என்றால், முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஏ பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. சரி, உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையோடு போகலாமா? அரசியல் சாசனத்தின் 133-ஆவது பிரிவில் அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு, பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி ஒன்று இதில் இருக்கிறது, அதை உச்ச நீதிமன்றமே தீர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சான்று தர வேண்டும். போதாததற்கு, தனி நீதிபதியின் தீர்ப்புக்கு இந்த வழியே கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. 1972-இல் கொண்டுவந்த 30-ஆவது திருத்தத்துக்கு முன்னால் வழக்கின் மதிப்பு 20,000 ரூபாய் என்பதும் ஒரு அளவுகோலாக இருந்தது. சொத்து எவ்வளவு பெரியது என்பதை வைத்து நாட்டின் கடைசிக் கோர்ட்டுக்குள் நுழையும் ஏற்பாடு அது. எடுத்தது நல்லதுதான். இல்லையென்றால் இன்றைய பெரம்பூர் மனை விலைக்கு எல்லோருமே டெல்லியில்தான் இருப்போம்.

ஆக, உங்கள் தம்பிக்கு மிச்சம் இருப்பது 136-ஆவது பிரிவு ஒன்றுதான். சிறப்பு அனுமதி மனு என்பார்கள், வக்கீல்கள் வாயில் எஸ்.எல்.பி. "இந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எனக்கு அனுமதி கொடுங்கள்" என்று கேட்கிற மனு. கொடுப்பதும் மறுப்பதும் முழுக்க அந்த நீதிபதிகளின் இஷ்டம். இந்த அதிகாரத்தைச் சிக்கனமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அந்தக் கோர்ட்டே 1950-இல், பிரீதம் சிங் வழக்கில், சொல்லிவிட்டது. எந்தெந்த வழக்குக்கு அனுமதி தரலாம் என்று எல்லை வகுக்கும்படி ஐந்து நீதிபதிகள் அமர்விடம் கேட்டபோது, 2016-இல் அவர்கள் அதற்கு மறுத்துவிட்டார்கள். எல்லை இல்லாததால் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறார்கள்.

போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? புதிய மனுக்களுக்கென்று ஒதுக்கிய நாட்களில் ஒரு அமர்வின் பட்டியலில் டஜன் கணக்கில் மனுக்கள் இருக்கும். நீதிபதிகள் கட்டைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மனுதாரரின் வக்கீல் எழுந்து, உயர் நீதிமன்றத் தீர்ப்பில் எந்தப் பத்தி தவறு என்று சொல்ல ஆரம்பிப்பார். ஒரு நீதிபதி இன்னொருவர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்பார். சில சமயம் வக்கீல் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் "டிஸ்மிஸ்ட்". பக்கத்து வக்கீல் அடுத்த கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிடுவார். வருஷக்கணக்கான குடும்பச் சண்டை அப்படி இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துபோகிறதைப் பார்த்தால் தோற்றவர்களுக்காகச் சங்கடமாகத்தான் இருக்கும். நீதிபதிகளுக்குச் சந்தேகம் வந்தால் எதிர்த்தரப்புக்கு, அதாவது உங்களுக்கு, நோட்டீஸ் அனுப்பச் சொல்வார்கள். அதன் பிறகு இரண்டு பக்கமும் கேட்டு அனுமதி கொடுத்தால்தான் மேல்முறையீடு என்ற ஒன்றே பிறக்கிறது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் பட்டது வேறு. தம்பி இனிமேல்தான் டெல்லிக்குப் போகப்போகிறார், உங்கள் வழக்கை டெல்லி ஏற்கெனவே தீர்த்துவிட்டது. நீங்கள் எழுதியிருக்கிற வருஷங்களை வைத்தே அதைக் காட்டுகிறேன்.

1989-இல் தமிழ்நாடு அரசு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை கொடுத்துச் சட்டத்தைத் திருத்தியது. அதன் தேதி மார்ச் 25, 1989. அன்றைக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது என்று வைத்துவிட்டார்கள். நீங்கள் 1986. மூன்று வருஷத்தில் கைநழுவியது. பிறகு 2005-இல் மத்தியச் சட்டம், செப்டம்பர் 9 முதல் அமல். அதில் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேதம் இல்லை. ஆனால் அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தால்? இதில்தான் குழப்பம் வந்தது.

2015 அக்டோபரில் பிரகாஷ் – பூலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள், 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு இந்த உரிமை என்றார்கள். சில மாதங்கள் கழித்து உங்கள் வழக்கில் சிட்டி சிவில் கோர்ட் தீர்ப்பு சொல்கிறது. அப்பா 2001-இல் காலமானவர். அப்படியென்றால் பழைய கணக்கு: அப்பாவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. அப்பாவின் பாதியில் நீங்களும் தம்பியும் சரிசமம். உங்களுக்குக் கால். அந்த நீதிபதி மேல் வருத்தப்படாதீர்கள், உச்ச நீதிமன்றம் சொல்கிற சட்டம் எல்லா கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும் என்று 141-ஆவது பிரிவு சொல்கிறது. அவருக்கு வேறு வழியில்லை. 2017-இல் முதல் மேல்முறையீட்டிலும் அதே நிலைமைதான்.

2018 பிப்ரவரியில் தனம்மா வழக்கு. அங்கேயும் அப்பா இறந்தது 2001-இல். வேறு இரண்டு நீதிபதிகள் மகள்களுக்கும் சம பங்கு கொடுத்தார்கள். ஒரே கோர்ட், ஒரே சட்டம், இரண்டு இரண்டு பேர் கொண்ட இரண்டு அமர்வு, பதில் மட்டும் வேறு. கீழே இருக்கிற நீதிபதிகள் எதைப் பின்பற்றுவது? கடைசியில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் முடித்துவைத்தது: உரிமை பிறப்பால் வருகிறது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை. மேல்முறையீட்டில் நிலுவையில் இருக்கிற வழக்குகளிலும் மகள்களுக்குச் சம பங்கு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதன்படி அப்பா, நீங்கள், தம்பி மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் பங்கு உங்கள் இருவருக்கும் சமமாகப் பிரிகிறது. கூட்டிப் பாருங்கள், சரியாகப் பாதி வரும். போன மாதம் உயர் நீதிமன்றம் செய்தது இந்தக் கணக்கைத்தான்.

அந்தக் கோர்ட்டின் முக்கிய வேலையும், என் பார்வையில், இதுதான். ஒவ்வொரு வீட்டுச் சண்டையையும் மறுபடி விசாரிப்பதற்கு அது ஏற்படவில்லை. நாடு முழுக்க ஒரே சட்டத்துக்கு ஒரே பதில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு இடம் வேண்டும். ஆனால் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தால் பதிலும் இரண்டாகிவிடுகிறது. அப்போது மூன்று பேர், அதிலும் தீராவிட்டால் ஐந்து பேர். சாசனத்தின் பொருள் பற்றிய பெரிய கேள்வி என்றால் குறைந்தது ஐந்து பேர் உட்கார வேண்டும் என்பது சாசன விதி. எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பவர் தலைமை நீதிபதி. கோர்ட்டில் இதை ரோஸ்டர் என்பார்கள். கட்சிக்காரர் நீதிபதியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தமிழ் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டீர்கள். எப்போதுமே உண்டு என்றே சொல்லலாம். இரண்டாவது தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சென்னையில் தொழில் செய்தவர். 2013-இல் தலைமை நீதிபதியான சதாசிவம் இங்கே உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து போனவர். எம்.எம். சுந்தரேஷ் 2021-இலும் ஆர். மகாதேவன் 2024-இலும் இங்கிருந்து போனார்கள். பொள்ளாச்சிக்காரரான கே.வி. விஸ்வநாதன் 2023-இல் வக்கீலாக இருந்தே நேரடியாக நீதிபதியானார். அப்படிப் போவது அரிது. பெரும்பாலானவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதிகளாக இருந்து போகிறவர்கள். யார் போக வேண்டும் என்று பரிந்துரைப்பது கொலிஜியம், அதாவது தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நான்கு நீதிபதிகளும். எல்லா மாநிலத்துக்கும் ஓரளவு இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம், சட்டம் அல்ல. 65 வயதில் ஓய்வு. இந்த முறையை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015-இல் அதே கோர்ட் ரத்து செய்துவிட்டது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை, ஆனால் அது உங்கள் கவலை அல்ல.

உங்களுக்கு விஷயம் என்னவென்றால், தமிழ் தெரிந்த நீதிபதி வந்தாலும் அங்கே வழக்கு ஆங்கிலத்தில்தான் நடக்கும். உங்கள் மூலப்பத்திரம், தம்பி எழுதிய கடிதம், தமிழில் இருக்கிற சாட்சியம், எது தேவைப்பட்டாலும் மொழிபெயர்த்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் பத்திரத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். சர்வே எண், நாலு பக்கத்து எல்லையைச் சொல்லும் சக்குபந்தி, சதுரடி, தேதிகள், யார் யாருக்கு என்ன உறவு. பழைய பத்திரக் கையெழுத்தில் ஏழும் ஒன்றும் ஒன்றுபோலத் தெரியும். இதை வக்கீல் குமாஸ்தாவைவிட அந்த வீட்டில் வளர்ந்த நீங்கள்தான் சரியாகப் பிடிப்பீர்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. சென்னையில் உச்ச நீதிமன்றக் கிளை எதுவும் இல்லை, அதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமும் இல்லை. ஆனால் கேள்வி பழையது, நியாயமானதும்கூட. வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர் வழக்குகளின் கடைசிப் படி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். ராமநாதபுரம் ஜமீனில் விதவை ராணி செய்த தத்து செல்லுமா என்ற கேள்வி கடல் கடந்து போய் 1868-இல் அங்கேதான் தீர்ந்தது. 1949-இல் அந்த வழி மூடப்பட்டு, மறு வருஷம் டெல்லி வந்தது. கப்பல் ஏறத் தேவையில்லாமல் போனது, தூரம் முழுக்கப் போய்விடவில்லை. உச்ச நீதிமன்றம் டெல்லியிலோ, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி குறிக்கும் வேறு இடத்திலோ அமரலாம் என்று 130-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது சாசனத்தில் தடை இல்லை, மனம்தான் இல்லை.

சாதாரண மேல்முறையீடுகளைக் கேட்கத் தனியாக ஒரு தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டும், உச்ச நீதிமன்றம் சாசன வழக்குகளை மட்டும் பார்க்கட்டும் என்ற யோசனை 1986-இல் அந்தக் கோர்ட்டின் தீர்ப்பு ஒன்றிலேயே வந்தது. 2009-இல் சட்ட ஆணையம் தன் 229-ஆவது அறிக்கையில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, தெற்கே சென்னை அல்லது ஹைதராபாத் என்று நான்கு இடங்களில் மேல்முறையீட்டு அமர்வுகள் அமைக்கலாம் என்றது. நம் ஊர் வக்கீல் வி. வசந்தகுமார் இதைக் கேட்டே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மத்திய அரசு எதிர்த்தது. 2016 ஜூலையில் அந்தக் கேள்வி அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. உங்களுக்கு வந்த செய்தி இந்த மாதிரி ஏதோ ஒன்றின் வால் பிடித்துக் கிளம்பியதாக இருக்கும்.

சென்னையில் ஒரு அமர்வு வேண்டும் என்பதே என் கட்சியும். டெல்லிக்காரர் ஆட்டோவில் போய்க் கேட்கிற நியாயத்தை தூத்துக்குடிக்காரர் விமானச் செலவு, டெல்லி வக்கீல் கட்டணம் எல்லாம் கணக்குப் பார்த்துக் கைவிடுகிறார். நியாயமான வழக்குகள் பல அப்படி இங்கேயே நின்றுபோயிருக்கின்றன. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தத் தூரம் இன்றைக்கு உங்களுக்குத்தான் சாதகம். நீங்கள் ஜெயித்தவர். கோர்ட் பாரிமுனையிலேயே இருந்திருந்தால் தம்பி இந்நேரம் மனுவைத் தாக்கல் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பார். தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்து, அதில் எல்லோருக்கும் உரிமையோடு ஒரு மேல்முறையீடு என்று வைத்தால், 2012-இல் தொடங்கிய உங்கள் வழக்குக்கு இன்னும் ஒரு சுற்று சேரும். பக்கத்தில் கோர்ட் வேண்டும் என்று கேட்கிற எங்களில் பலர் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதல் வேலை கேவியட். "என்னைக் கேட்காமல் எந்த உத்தரவும் போடாதீர்கள்" என்று முன்கூட்டியே கொடுத்துவைக்கிற மனு. சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ. இது இருந்தால் தம்பி வக்கீல் மட்டும் போய் நின்று தடை உத்தரவு வாங்கிவர முடியாது. ஆயுள் 90 நாள், தீர்ந்தால் புதிதாகப் போட வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து எதைத் தாக்கல் செய்தாலும் அட்வகேட் ஆன் ரெக்கார்டு என்கிற, அதற்கென்று தேர்வு எழுதித் தேறிய வக்கீல் வழியாகத்தான் முடியும். உங்கள் சென்னை வக்கீலுக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். தாக்கல் செய்வதற்கு எவ்வளவு, ஆஜராவதற்கு எவ்வளவு, மூத்த வக்கீல் வைத்தால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் இடிக்கிறது என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். உச்ச நீதிமன்றத்துக்கென்று இருக்கிற சட்டப் பணிகள் குழுவுக்கு வழி சொல்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

தம்பிக்கு இருக்கும் கெடு தீர்ப்புத் தேதியில் இருந்து 90 நாள், நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்து. அது தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடுவார்கள், பல சமயம் மன்னிக்கவும் செய்வார்கள். அதனால் 91-ஆவது நாள் பாயசம் வைக்காதீர்கள். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடினால் ஏதாவது தாக்கல் ஆகியிருக்கிறதா என்று தெரியும். பேரப்பிள்ளைகள் யாரையாவது வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, தீர்ப்பு நகலைக் கையில் எடுத்து ஒரு விஷயம் பாருங்கள். இரண்டாம் மேல்முறையீட்டில், என்ன முக்கியச் சட்டக் கேள்வி எழுகிறது என்று உயர் நீதிமன்றம் எழுதிவைத்துவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும். அந்தக் கேள்வியே எழுதாமல் சொன்ன தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் இந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டு வருஷங்களை இழந்தவர்கள் உண்டு. கேள்வி எழுதப்பட்டிருந்தால் நிம்மதி. இல்லையென்றால் வக்கீலிடம் இப்போதே பேசுங்கள், நோட்டீஸ் வந்தபிறகு பேச வேண்டாம்.

தம்பி தரப்பு வேறு என்ன சொல்லும்? அனேகமாக, "அப்பா இருந்தபோதே வாய்மொழியாகப் பாகம் பிரித்தாகிவிட்டது" என்பார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ நடந்த பாகப்பிரிவினையை 2005 சட்டம் தொடாது. வாய்மொழிப் பிரிவினையைச் சாதாரணமாக ஏற்க முடியாது என்று வினீதா சர்மா தீர்ப்பு சொல்கிறது, பொது ஆவணங்களின் துணையோடு நிரூபிக்கிற அபூர்வமான சந்தர்ப்பங்களைத் தவிர. கீழ்க்கோர்ட்டில் இதைத் தம்பி சொல்லியிருந்தாரா, கோர்ட் என்ன முடிவு சொன்னது என்று பாருங்கள். சொல்லவே இல்லையென்றால் டெல்லியில் புதிதாகக் கிளப்ப விடமாட்டார்கள். தீர்ப்பைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொன்னால் அது ஜோசியம் ஆகிவிடும்.

ஒருவேளை மனு தள்ளுபடியானால், மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கும் மேலே, 2002-இல் உருவான கியூரேட்டிவ் மனு என்று ஒன்றும் இருக்கிறது. இரண்டிலும் பெரும்பாலும் நீதிபதிகள் அறையிலேயே படித்து முடித்துவிடுவார்கள், ஜெயித்தவர்கள் மிகக் குறைவு. காரணம் எழுதாமல் எஸ்.எல்.பி.-ஐத் தள்ளினால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாக ஆகிவிடாது, உயர் நீதிமன்றத்திலேயே மறுபரிசீலனை கேட்கத் தம்பிக்கு இன்னும் இடம் இருக்கும். இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று, பலர் கோட்டை விடுவது. டெல்லியில் மனு நிலுவையில் இருக்கிறது என்பதே தடை ஆகாது. தடை உத்தரவு தனியாகப் போட்டால்தான் தடை. உங்கள் கையில் இருப்பது பூர்வாங்கத் தீர்ப்பாணை, அதாவது பாதி உங்களுடையது என்பது மட்டும். எந்தப் பாதி, பிரிக்க முடியாத வீடாக இருந்தால் விற்றுப் பணமாகவா, தம்பி உங்கள் பங்கை வாங்கிக்கொள்கிறாரா என்பதெல்லாம் இறுதித் தீர்ப்பாணையில்தான் வரும். அதற்கான மனுவை சிட்டி சிவில் கோர்ட்டில் உடனே போடுங்கள். கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கும், அவர் சர்வேயரோடு வந்து வீட்டை அளப்பார், மதிப்புப் போடுவார். தம்பி சமரசம் பேச வந்தாலும் அந்த அளவும் மதிப்பும் கையில் இருந்தால்தான் பேச முடியும். அளக்க வருகிற அன்று மட்டும் முட்டிவலியைப் பார்க்காமல் நீங்களே அங்கே இருங்கள், பின்பக்கக் கிணற்றடியையும் சேர்த்து அளக்கிறார்களா என்று பார்க்க.